முத்துக்குளித்துறையில் செவியும் அதன் மருந்துகளும்

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடைப்பட்ட கரையில், செந்நிறத் தேரி மணல் ஒருபுறமும் மன்னார் வளைகுடா மறுபுறமுமாக அமைந்துள்ள பெரியதாழை, போர்த்துக்கேயர் காலந்தொட்டு முத்துக்குளித்துறை என்று அறியப்பட்ட நெடிய கடற்கரையின் தென்பகுதியைச் சேர்ந்த மீனவ ஊராகும். வேம்பாறு முதல் மணப்பாடு வரையுள்ள ஏழு கடல்துறைகளையும் அவற்றை ஒட்டிய சிற்றூர்களையும் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள், முத்தின் விலையையும், 1530களில் பரதவர் கத்தோலிக்கம் தழுவிய சூழலையும், போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து இக்கரையை வசப்படுத்திய போட்டியையும் விரிவாகப் பேசுகின்றன. ஆனால் கடலடியிலிருந்து சிப்பியை அள்ளிவந்த மனிதரின் உடலைப் பற்றி, குறிப்பாக அவர்களது செவியைப் பற்றி, அந்த வரலாறுகள் பேசுவது மிகக் குறைவு. நீரழுத்தத்தால் செவிப்பறை கிழிவதும், கேள்வி மங்குவதும், வெளியில் ஓசை ஏதுமில்லாதபோதும் காதுக்குள் ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டிருப்பதும் இத்தொழிலோடு ஒட்டிப் பிறந்த துன்பங்கள். இவற்றுள் இறுதியில் கூறப்பட்டதையே மக்கள் காதிரைச்சல் என்றும் மருத்துவர்கள் டின்னிடஸ் என்றும் குறிப்பிடுகின்றனர். எண்ணெயிலிருந்து இன்றைய ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் வரை இத்துன்பத்துக்குச் சொல்லப்பட்டுவந்த மருந்துகளை, அத்துன்பம் விளைந்த தொழிலின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போதுதான், எந்த மருந்திடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடற்பயணக் குறிப்பு’ (பெரிப்ளூஸ்), பாண்டியருக்குரிய கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகிறது. இச்செய்தி எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது. ஏனெனில் பிற்காலச் சான்றுகளில் முத்துக்குளிப்பது பரதவரும் இசுலாமியரும் மரபுவழியில் கற்றுத் தேர்ந்த திறமாகவே காணப்படுகிறது. எனினும், உயிருக்கும் உடலுக்கும் கேடு தரும் வேலை என்னும் எண்ணம் அத்தொழிலைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றிலேயே இருந்தது என்பது கருதத்தக்கது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இந்தியக் கரைக்கும் இலங்கைக்கும் இடையிலான கடலில் வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து குளியாட்களை அமர்த்தியதையும், கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் சேர்ந்ததையும் விவரிக்கிறார். இந்த மந்திரக்காரர்களையே பிற்காலக் குறிப்புகள் ‘கடல்கட்டி’ என்று குறிக்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியிலும் சுறாவைக் கட்டும் இவர்களுக்கு முறையான பங்கு இருந்தது; கடல்கட்டி வராத நாளில் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தனர். சுறாவினால் நேர்ந்த சேதம் உண்மையில் குறைவு. நாள்தோறும் தவறாமல் காதை அறுத்த நீரழுத்தத்துக்கோ பங்கு பெறும் காவலர் எவரும் இல்லை.

குளிக்கும் முறை பல நூற்றாண்டுகளாகப் பெரிதும் மாறாமலே இருந்தது. ‘பார்’ எனப்படும் முத்துச்சிப்பித் திட்டுகள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் கிடந்தன. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள தொளாயிரம் பார் இவற்றுள் பெயர்பெற்றது. தோணியிலிருந்து இறங்குபவர் 15 கிலோ அளவிலான கல்லைக் கட்டிய கயிற்றில் ஒரு காலை ஊன்றி, மறுகாலில் சிப்பி சேர்க்கும் வலைப்பையை மாட்டி, ஒரு கையால் கயிற்றையும் மறுகையால் மூக்கையும் பிடித்துக்கொண்டு, கல்லின் எடையால் விரைவாகக் கீழே செல்வார். அடியைத் தொட்டதும் கல் மேலே இழுக்கப்படும். ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக அவர் சிப்பிகளை அள்ளிய பின், கயிற்றை அசைத்துக் குறிப்புத் தர, மேலிருப்பவர் இழுத்தேற்றுவார். அக்கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்றும், தன் தமக்கை அல்லது தங்கையின் தாலிக்காக அவன் கண்ணயர மாட்டான் என்றும் தமிழ்நாட்டில் பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. எல்லாத் தோணிகளிலும் அவ்வாறே நடந்திருக்க முடியாது என்றாலும், நீருக்குள் இருப்பவருடைய உயிர் மேலிருப்பவருடைய கவனத்தில் தொங்கியது என்பதை அக்கூற்று உணர்த்துகிறது.

இராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில் நடந்த முத்துக்குளிப்பை நேரடியாக விவரிக்கிறார். தூத்துக்குடிக் கரையின் குளியாட்களும் அங்கே சென்று வேலை செய்தனர் என்பதால், அவருடைய விவரிப்பு இக்கரைக்கும் உரியதே. தோணியில் ஏற்றப்பட்டவர்களின் வாய், மூக்கு, காது ஆகியவற்றிலிருந்து நீரும் பலமுறை இரத்தமும் வடிந்ததையும், அதன் பின்பும் அவர்கள் தம் முறை வந்தபோது மீண்டும் இறங்கியதையும், ஒரே நாளில் 40 அல்லது 50 முறை குளித்ததையும் அவர் பதிவுசெய்துள்ளார். சிலர் உடம்பில் எண்ணெய் பூசிக் காதையும் மூக்கையும் அடைத்துக்கொண்டனர் என்றும், வேறு சிலர் எவ்விதக் காப்பும் இன்றி இறங்கினர் என்றும் அவர் எழுதுகிறார். காதிலிருந்து இரத்தம் வந்தது என்னும் இந்தச் சிறு குறிப்பே, முத்துக்குளிப்போரின் செவியைப் பற்றி அக்காலத்திலிருந்து எஞ்சியுள்ள மிக முக்கியமான மருத்துவச் சான்று எனலாம்; அதை எழுதியவர் படை அதிகாரியேயன்றி மருத்துவர் அல்லர்.

அந்த இரத்தத்தின் காரணத்தை இன்றைய உடலியல் தெளிவாக விளக்குகிறது. கடல்மட்டத்தில் உடலின் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது; நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் மேலும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, உடலுக்குள் அடைபட்ட காற்றின் கொள்ளளவு பாதியாகச் சுருங்குகிறது. செவிப்பறைக்குப் பின்னுள்ள நடுச்செவி அவ்வாறு காற்று அடைபட்ட ஒரு சிறு அறை. அதைத் தொண்டையின் மேற்பகுதியோடு இணைக்கும் மெல்லிய குழல், விழுங்கும்போதோ மூக்கைப் பொத்திக் காற்றை உந்தும்போதோ மட்டுமே திறக்கிறது. இறங்கும் வேகத்துக்கு ஏற்ப அக்குழல் திறந்து காற்றை உள்ளே விடாவிட்டால், செவிப்பறை உட்புறமாக இழுபட்டு, இரத்தம் கசிந்து, இறுதியில் கிழிகிறது. மிகுந்த வீதமாற்றம் முதல் 10 மீட்டரில்தான் நிகழ்கிறது என்பதால், கல்லைப் பற்றிக்கொண்டு சில நொடிகளில் அத்தொலைவைக் கடந்த இக்கரையின் முறை காதுக்கு மிகவும் கடுமையானது. மூக்கைக் கையால் பிடித்தது நீர் புகாமலிருக்க என்றே வெளியார் பலரும் எண்ணினர். ஆனால் மூக்கைப் பிடித்துக் காற்றை உந்தி நடுச்செவியின் அழுத்தத்தைச் சமன்செய்யும் வழியும் அதுவே. அம்முறை இத்தாலிய உடற்கூற்றியலாளர் அந்தோனியோ வால்சால்வாவின் பெயரால் இன்று வழங்குகிறது. அவர் செவியைப் பற்றிய நூலை வெளியிட்டது 1704இல். மூக்கைப் பிடித்துக் குளிக்கும் வழக்கமோ அதற்கு மிக முற்பட்டது. அரபுக் குளியாட்கள் கொம்பினால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டியதால் அவர்களுக்கு இரு கைகளும் ஓய்வாக இருந்தன. தமிழ்க் குளியாட்கள் அதைப் பெரிதும் ஏற்கவில்லை.

செவிப்பறைக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும். நிலைத்த கேடு அதற்கும் உள்ளே, உட்செவியில் நேர்கிறது. கட்டாயமாகக் காற்றை உந்தும் முயற்சியில் உட்செவியின் மெல்லிய சாளரச் சவ்வு கிழிந்து உள்நீர் கசிந்தால், தலைச்சுற்றலும் கேள்விக்குறைவும் காதிரைச்சலும் ஒருங்கே தோன்றக்கூடும். நத்தை ஓடு போலச் சுருண்ட உட்செவிப் பகுதியில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. மனிதரிடம் அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது, அக்குறையை ஈடுசெய்ய மூளையின் கேள்விப் பகுதிகள் தம் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றன என்றும், அவ்வாறு கூட்டியதன் விளைவே இல்லாத ஓசை கேட்பது என்றும் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நோயின் தொடக்கம் காதில் இருந்தாலும் அதன் இருப்பிடம் பின்னர் மூளைக்கு மாறிவிடுகிறது என்னும் இந்தக் கருத்து, மருந்துகளைப் பற்றிய பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

எண்ணெய் இத்துன்பங்களுக்கு எதிரான மிகப் பழைய காப்புகளுள் ஒன்று. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘வினாக்கள்’ என்னும் கிரேக்கத் தொகுப்பிலேயே, கடலில் மூழ்குவோரின் செவிப்பறை ஏன் கிழிகிறது என்றும், முன்னதாக எண்ணெய் ஊற்றியிருந்தால் கிழிவது ஏன் குறைகிறது என்றும் கேட்கப்பட்டுள்ளது. மத்தியதரைக் கடலில் கடற்பஞ்சு எடுத்தவர்களும் மன்னார் வளைகுடாவில் முத்து எடுத்தவர்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பொருளை நாடியது, இருவரும் ஒரே வலியை அனுபவித்தனர் என்பதற்குச் சான்று. எண்ணெய் தோலைக் காத்து, நீர் தேங்குவதால் வரும் புண்ணைக் குறைத்திருக்கக்கூடும். நடுச்செவியின் அழுத்த வேறுபாட்டை அதனால் நீக்க இயலாது. காதை இறுக அடைத்துக்கொள்வது அதைவிடத் தீங்கானது, ஏனெனில் அடைப்புக்கும் செவிப்பறைக்கும் இடையே சிக்கும் காற்று இன்னொரு அழுத்த அறையாகிவிடுகிறது. இன்று மூழ்குவோருக்குக் காதடைப்பான் விலக்கப்படுவது இக்காரணத்தால்தான்.

ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரம் 28 செவிநோய்களை வகுத்து, அவற்றுள் முரசு, சங்கு முதலியவற்றின் ஓசை காதுக்குள் கேட்பதைக் கர்ணநாதம் எனத் தனியே பிரிக்கிறது; வாதம் நிலைபிறழ்ந்து ஒலிவழியில் தங்குவதே அதன் காரணம் என்று விளக்கி, மருந்தெண்ணெயைக் காதில் நிரப்பி வைக்கும் முறையையும் கூறுகிறது. வில்வத் தைலம் இவ்வகையில் நெடுங்காலம் பயன்பட்டது. சித்த மருத்துவத்தில் நாகமுனிவர் பெயரால் வழங்கும் தலைநோய் மருத்துவம், கண், மூக்கு நோய்களோடு செவிநோய்களையும் ஒரு பிரிவாக ஆராய்கிறது. தென்மாவட்டங்களின் வீடுகளில் பூண்டை நல்லெண்ணெயில் காய்ச்சி இளஞ்சூட்டில் காதில் விடுவதும், சனிக்கிழமை எண்ணெய் முழுக்கும் இம்மரபின் எளிய வடிவங்கள். இவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்குவது நேர்மையாகாது. காதிரைச்சலைச் செவிட்டுத்தன்மையிலிருந்து பிரித்துத் தனி நோயாகக் கண்டதே கூர்மையான மருத்துவ நோக்கு. ஆனால் செவிப்பறை கிழிந்த காதில் எண்ணெய் விடுவது நடுச்செவியில் சீழ்பிடிக்க வழிசெய்யும் என்பதால், குளியாட்களைப் பொறுத்தவரை இந்த மருந்தே கேடாகவும் முடிந்திருக்கும். அடிக்கடி செவிப்பறை கிழியும் தொழிலாளருக்கென ஒரு தனிமுறை பொதுவான நூல்மரபில் உருவாகவில்லை. நூல் எழுதியவர்களுக்கும் கடலில் குளித்தவர்களுக்கும் இடையே இருந்த தொலைவே அதற்குக் காரணமாகலாம்.

அரசுகள் தம் பங்கில் எதை அளந்தன என்பதும் சொல்லத் தக்கது. எட்கர் தர்ஸ்டன் 1890இல் வெளியிட்ட முத்து, சங்குக் குளிப்புக் குறிப்புகளும், டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் இலங்கை அரசுக்காகத் தயாரித்து 1903 முதல் 1906 வரை வெளிவந்த பெரும் அறிக்கையும், சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றியும் 1922இல் இந்திய முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதியவையும் இன்றளவும் மதிக்கத்தக்க ஆக்கங்கள். சிப்பியின் வயது, அதில் வாழும் ஒட்டுண்ணி, பாரின் ஆழம், கடலடி மணலின் தன்மை, ஏலத்தில் ஆயிரம் சிப்பிக்குக் கிடைத்த விலை ஆகியவை அவற்றில் வியக்கத்தக்க நுட்பத்தோடு பதிவாகியுள்ளன. 1905ஆம் ஆண்டு இலங்கைக் கரையில் எடுக்கப்பட்ட சிப்பிகள் 8 கோடிக்கும் மேல் என்பது இன்றும் தெரிகிறது. அவற்றை எடுத்த ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேருக்குக் கேள்வி போயிற்று என்பதற்குக் கணக்கே எடுக்கப்படவில்லை. குளிப்பு முகாம்களுக்கு மருத்துவர்கள் வந்தனர். ஆனால் அழுகும் சிப்பிகளுக்கிடையே நெருக்கமாகத் தங்கிய கூட்டத்தில் வாந்திபேதி பரவாமல் தடுப்பதே அவர்களுடைய முதற்கடமையாக இருந்தது. வாந்திபேதி முகாமையே கலைத்து வருவாயை நிறுத்திவிடும்; காதிரைச்சலோ வேலையை நிறுத்தாது, பிறருக்குத் தொற்றாது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவும் செய்யாது. பதிவேட்டில் இடம்பெறாமல் போவதற்கு ஒரு நோய்க்கு இவற்றைவிட வேறு தகுதி தேவையில்லை.

இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததன்று. சிப்பி விளையாமல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து நின்றுபோனதும் உண்டு. 1955 முதல் 1961 வரை நடந்த தொடரே இறுதியானது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி தலைமையில் வளர்ப்பு முத்து உருவாக்கப்பட்டபின், முத்துக்காக மனிதர் மூழ்கும் தேவையே பெரிதும் குறைந்தது. ஆனால் சங்குகுளிப்பு நிற்கவில்லை. வங்காளத்து வளையல் தொழிலுக்காக எடுக்கப்பட்ட சங்கும் முத்துச்சிப்பி கிடந்ததைப் போன்ற ஆழத்திலேயே கிடந்தது. முத்து இல்லாத ஆண்டுகளிலும் குளியாட்களின் காது ஓய்வு பெறாததற்கு அதுவே காரணம். பிற்காலத்தில் காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய்வழி காற்றைப் பெற்று நீண்டநேரம் அடியில் இருக்கும் வழக்கம் வந்தபோது, ஆழத்திலிருந்து விரைந்து மேலேறுவதால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் தோன்றும் நோயும் பழைய காதுத் துன்பத்தோடு சேர்ந்துகொண்டது.

பெரியதாழை போன்ற தென்கரை ஊர்களில் அண்மைக் காலத்தில் செவியைத் தாக்கும் காரணம் பெரும்பாலும் வேறானது. பாயும் துடுப்பும் செலுத்திய கட்டுமரங்களும் வள்ளங்களும், 1980களுக்குப் பின் படிப்படியாக வெளிப்பொருத்து எஞ்சின்களைப் பெற்றன. எஞ்சினுக்கு அருகிலேயே அமர்ந்து, கையால் அதைத் திருப்பிப் பிடித்தபடி, நாள்தோறும் பல மணிநேரம் செல்லும் மீனவரின் காது ஓயாத இரைச்சலைத் தாங்குகிறது. தொழிற்சாலை விதிகளின் கீழ் 8 மணிநேர வேலைக்கு 90 டெசிபெல் என்னும் வரம்பு இந்தியாவில் உண்டு. தன் வள்ளத்தில் தானே தொழில் செய்யும் மீனவர் அவ்விதிகளின் எல்லைக்குள் வருவதில்லை. பேரோசையால் வரும் கேள்விக்குறைவு, கேள்விச் சோதனையில் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த சுருதிகளில் ஒரு பள்ளமாகத் தெரியும். பேச்சொலி பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால் பாதிக்கப்பட்டவர் அதைப் பல ஆண்டுகள் உணர்வதேயில்லை. இரவில் எஞ்சின் நின்ற பின்னும் காதுக்குள் நிற்காத ஓசையே பலருக்கு முதல் அறிகுறி.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்னும் கருத்து இவ்விடத்தில்தான் உள்ளே வருகிறது. உயிர்ச்செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது, இணையில்லாத எலக்ட்ரானைக் கொண்ட, எதனோடும் உடனே வினைபுரியக்கூடிய துணுக்குகள் உருவாகின்றன. அவற்றை ஃப்ரீ ராடிக்கல்கள் என்பர். முதுமைக்கு அவையே காரணம் என்னும் கொள்கையை டென்ஹாம் ஹார்மன் 1956இல் முன்வைத்தார். அவற்றுள் ஒன்றை அடக்கும் நொதி உடலிலேயே இருப்பதை மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969இல் காட்டியபின் அக்கொள்கை வேதியியல் அடித்தளம் பெற்றது. இத்துணுக்குகளை வினையிழக்கச் செய்யும் பொருள்களே ஆன்டிஆக்ஸிடன்ட்கள். வைட்டமின் சி, வைட்டமின் இ, பீட்டா கரோட்டின், ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், செல்களில் இயல்பாகவே உள்ள குளுட்டத்தயோன் முதலியன அவ்வகையின. பேரோசை மயிர்ச்செல்களைப் பொறிமுறையாக முறிப்பதோடு நிற்பதில்லை, அவற்றுக்குள் ஃப்ரீ ராடிக்கல்களைப் பெருகச் செய்து ஓசை நின்ற பின்னும் பல நாட்கள் செல்களைச் சாகவைக்கிறது என்பதை 1990களிலிருந்து விலங்காய்வுகள் காட்டின. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல், வைட்டமின் ஏ, சி, இ ஆகியவற்றை மெக்னீசியத்தோடு சேர்த்துப் பேரோசைக்குச் சற்று முன்பே கினிப்பன்றிகளுக்குக் கொடுத்தபோது கேள்விக்குறைவு கணிசமாகத் தணிந்ததாக வெளியிட்டனர். மாத்திரைகள் மீது உலகெங்கும் எழுந்த நம்பிக்கைக்கு இத்தகைய ஆய்வுகளே ஊற்றுக்கண்.

இந்த வைட்டமின்களுள் ஒன்று இந்தியக் கடற்கரைகளுக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது காட் மீன் எண்ணெய் இறக்குமதி தடைப்பட்டதால், சென்னை மாகாணத்திலும் திருவிதாங்கூரிலும் சுறா ஈரலிலிருந்து வைட்டமின் ஏ நிறைந்த எண்ணெய் எடுக்கும் தொழில் வளர்க்கப்பட்டது. கடல்கட்டியின் மந்திரத்துக்கு உட்பட்டதாகக் கருதப்பட்ட அதே மீன், கண்பார்வைக்கும் உடல்வளர்ச்சிக்குமான மருந்தாகப் புட்டியில் அடைபட்டு ஊர்ஊராகச் சென்றது.

விலங்கிடம் கண்ட பயன் மனிதரிடம் எளிதில் வரவில்லை. குளுட்டத்தயோன் உருவாக உதவும் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்னும் பொருளை அமெரிக்க மரைன் படைப் பயிற்சியாளர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சியின்போது கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. முதன்மையாக அளக்கத் திட்டமிட்டவற்றில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஏற்கெனவே காதிரைச்சல் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இத்தாலியில் 2007இல் 31 பேருக்கு 18 வாரம் பாஸ்போலிப்பிடும் வைட்டமின்களும் தந்தபோது இரைச்சலின் தொல்லை குறைந்ததாகக் கூறப்பட்டது. ஆனால் அங்கே வெற்று மாத்திரை பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லை. பிரேசிலில் முதியோரிடம் 6 மாதம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஜின்கோ இலைச்சாறு, ஆல்ஃபா லிப்போயிக் அமிலத்தோடு வைட்டமின் சி, பப்பாவரினோடு வைட்டமின் இ ஆகிய மூன்றில் எதுவும் வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. 2019இல் கிரேக்கத்திலிருந்து வந்த ஆய்வோ, 70 பேரிடம் 3 மாதம், யார் எதைப் பெறுகிறார் என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாத முறையில் நடத்தப்பட்டு, பல்வகை வைட்டமின்களும் தாதுக்களும் ஆல்ஃபா லிப்போயிக் அமிலமும் பெற்றவர்களின் தொல்லை குறைந்ததாகக் காட்டியது. நேர்மையாக நடந்த இந்த ஆய்வைப் புறந்தள்ளக் கூடாது. எனினும் 70 பேரிடம் கண்டதைப் பெரிய ஆய்வுகள் மீண்டும் காட்டும்வரை அதன்மேல் சிகிச்சையைக் கட்டுவதும் தகாது. ஜின்கோவின் கதை அதற்கு எச்சரிக்கையாகிறது. சிறு ஆய்வுகள் பல அதைப் புகழ்ந்தன. 2001இல் பிரிட்டனில் 1,121 பேரிடம் நடந்த ஆய்வில் அது வெற்று மாத்திரைக்கு மேல் எதையும் செய்யவில்லை.

பயன்படுத்துவோரிடமே நேரில் கேட்ட ஆய்வும் ஒன்று உண்டு. 53 நாடுகளைச் சேர்ந்த, காதிரைச்சல் உள்ள 1,788 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான அதில், ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஏதேனும் ஊட்டச்சத்து மாத்திரையை முயன்றிருந்தனர், முயன்றவர்களில் 70.7 விழுக்காட்டினர் எந்த மாற்றமும் இல்லை என்றனர், 19 விழுக்காட்டினர் குறைந்தது என்றனர், 10.3 விழுக்காட்டினர் இரைச்சல் கூடியது என்றனர். காதிரைச்சல் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது என்பதையும், மிகவும் தொல்லை தரும் நாளில்தான் மனிதர் மருந்துக்கடைக்குப் போகின்றனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 19 விழுக்காட்டில் மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நீடித்த காதிரைச்சலுக்கு ஜின்கோ, மெலட்டோனின், துத்தநாகம் முதலியவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே கூறியது.

விலை தவிர வேறு இழப்பு இல்லை என்று எண்ணி இம்மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோருக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று பின்லாந்திலிருந்து வந்தது. 29,133 ஆண் புகைப்பழக்கத்தாரிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்கு மாறாக 18 விழுக்காடு கூடியது. பீடி புகைக்கும் வழக்கம் உள்ள எந்தத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். ஜின்கோ இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் ஆஸ்பிரின் முதலிய மருந்துகள் உண்போர் அதை மருத்துவரைக் கேளாமல் எடுத்துக்கொள்வது தவறு. இந்தியாவில் இப்பொருள்கள் 2016ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி உணவுத் துணைப்பொருள்களாகவே பெரிதும் விற்கப்படுகின்றன. நோயைத் தீர்க்கும் எனச் சான்று காட்டும் கடமை மருந்துக்கு இருப்பதுபோல அவற்றுக்கு இல்லை. வைட்டமின் பி12 அல்லது துத்தநாகம் உண்மையிலேயே குறைந்திருப்பது சோதனையில் தெரிந்தால் அக்குறையை நிரப்புவது வேறு, முறையான செயல். நெல்லிக்காயும் கீரையும் மீனும் உணவில் இருப்பது நல்லது என்பதிலும் ஐயமில்லை. காதிரைச்சலைத் தீர்க்கும் என்ற வாக்குறுதியை அவற்றின் மேல் சுமத்தத் தேவையில்லை.

மாறாக, சான்று இவற்றைவிட வலுவாக உள்ள வழிகள் ஓசையைத் துடைத்தெறிவதாக வாக்களிப்பதில்லை. கேள்விக்குறைவு உள்ளவருக்குக் காதுக்கருவி பொருத்தினால், வெளியோசை மீண்டும் மூளையை எட்டுவதால் உள்ளோசை பலருக்குப் பின்னணிக்குச் செல்கிறது. ஓசையைப் பற்றிய அச்சத்தையும் அதனால் வரும் தூக்கக் கேட்டையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது ஓசைக்கு மனம் காட்டும் எதிர்வினையைப் பயிற்சியால் மாற்றும் முறை, தொல்லையைக் குறைப்பதை 2020இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. மருந்துக்கடையில் கிடைக்காத இவ்விரண்டையும் கடற்கரை ஊர்களுக்கு எட்டச் செய்வது, மாத்திரை விற்பதைவிடப் பன்மடங்கு கடினமான, ஆனால் பன்மடங்கு பயனுள்ள பணி.

ஆன்டிஆக்ஸிடன்ட்களின் தோல்விக்கு ஒரு காரணம், அவற்றின் வேதியியலைவிட, அவை கொடுக்கப்படும் நேரத்தில் இருக்கலாம். சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து உட்செவியில் ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கிக் குழந்தைகளின் கேள்வியைக் கெடுக்கிறது. அதைச் செலுத்தி 6 மணிநேரம் கழித்து, ஆன்டிஆக்ஸிடன்ட் தன்மையுள்ள சோடியம் தயோசல்ஃபேட்டைச் செலுத்தினால் அக்கேடு குறைவதை மனிதரிடம் நடந்த ஆய்வுகள் நிறுவியதால், 2022இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. அங்கே செவிக்குக் கேடு வரும் நாளும் மணியும் முன்கூட்டியே தெரியும். கல்லைப் பற்றி நாளுக்கு 40 முறை இறங்கியவருக்கோ, 30 ஆண்டுகள் எஞ்சினருகே அமர்ந்தவருக்கோ அத்தகைய ஒரு மணி இல்லை. மாத்திரை கைக்கு வரும்போது மயிர்ச்செல்கள் செத்துப் பல ஆண்டுகள் கடந்து, இரைச்சலின் இருப்பிடமும் மூளைக்கு மாறியிருக்கும். ஆகவே இக்கரையில் செவியைக் காக்கும் வேலையை வள்ளத்திலேயே தொடங்க வேண்டியிருக்கிறது: ஓசை குறைந்த எஞ்சின், எஞ்சினருகே அமர்பவருக்குக் காதுறை, சங்குகுளிக்கப் பழகும் இளைஞருக்கு மெதுவாக இறங்கி அழுத்தத்தைச் சமன்செய்யும் பயிற்சி, சளி பிடித்த நாளில் நீரில் இறங்காதிருக்கும் கட்டுப்பாடு, ஆண்டுக்கொருமுறை கேள்விச் சோதனை. இச்சோதனையின் முடிவுகள் தொகுக்கப்பட்டால், சிப்பிக்கும் சங்குக்கும் மட்டுமே பதிவேடு இருந்த கடற்கரையில் அவற்றை எடுத்தவர்களின் செவிக்கும் முதன்முறையாக ஒரு பதிவேடு உண்டாகும்.